ஒரே ஆய்வை இருமுறை எண்ணலாமா?

ஒரு மருந்து பயன் தருகிறதா என்பதை வைத்தியர்களாகிய நாம் ஒரேயொரு ஆய்வை வைத்து முடிவு செய்வதில்லை. அம்மருந்து பற்றி உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தேடி, தரம் பார்த்து, ஒன்றாகத் தொகுத்துப் பார்க்கிறோம். இதுவே முறைசார் மீளாய்வு. மருத்துவமும் தாதியியலும் பயிலும் எமது பிள்ளைகளுக்கு இது பாடமாகவும் வருகிறது.

பப்மெட், எம்பேஸ் போன்ற தரவுத்தளங்களில் தேடினால் ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் வந்து குவியும். ஒரே கட்டுரை இரண்டு மூன்று இடங்களிலிருந்தும் வரும். எண்ட்நோட், இலவசமாகக் கிடைக்கும் சொட்டேரோ, ராய்யான் முதலிய மென்பொருள்கள் இங்கே கைகொடுக்கின்றன. இவற்றால் செய்யக்கூடியவை:

1. எல்லாத் தளங்களின் பதிவுகளையும் ஓரிடத்தில் சேர்த்தல்.
2. தலைப்பு, ஆண்டு, கட்டுரையின் அடையாள இலக்கம் ஆகியவற்றை ஒப்பிட்டு, இரட்டைப் பதிவுகளைக் காட்டுதல்.
3. இருவர், ஒருவர் முடிவை மற்றவர் பாராமல், கட்டுரைகளைத் தெரிவு செய்ய வழிசெய்தல். இவ்வசதி ராய்யானில் உண்டு.
4. எத்தனை வந்தன, எத்தனை ஏன் நீக்கப்பட்டன என்று கணக்கு வைக்க உதவுதல்.

ஆனால் மென்பொருள் கண்டுபிடிப்பது ஒரே பதிவைத்தான். ஒரே நோயாளர்களை அல்ல. சத்திரசிகிச்சைக்குப் பின் வரும் வாந்தியைத் தடுக்கும் ஒண்டான்செட்ரோன் மருந்தை எடுத்துக்கொள்வோம். அதன் ஆய்வுகள் சில, ஒன்றையொன்று குறிப்பிடாமலே மீண்டும் வெளியாகியிருந்தன. சிலவற்றில் ஆசிரியர் பெயர்களும் வேறு. இவற்றையும் சேர்த்து எண்ணியபோது மருந்தின் பலன் 23 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. இதனை 1997இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வந்த ஆய்வு வெளிக்கொணர்ந்தது. மருந்து பயனுள்ளதே, பயனின் அளவுதான் மிகைப்பட்டது. அப்படி மிகைப்பட்டால், அதைவிடப் பொருத்தமான வேறு மருந்து ஒரு நோயாளிக்குக் கிடைக்காமல் போகலாம்.

எனவே படிக்கும் பிள்ளைகளே, மென்பொருள் காட்டும் இரட்டைகளைத் திறந்து பார்த்தபின்பே இணையுங்கள். பிறகு ஆய்வு நடந்த இடம், காலம், மருந்தின் அளவு, நோயாளர் தொகை ஆகியவற்றை ஒப்பிடுங்கள். இவை ஒத்திருந்தால் சந்தேகப்படுங்கள். கட்டுரை ஆசிரியருக்கு எழுதிக் கேளுங்கள்.

பெற்றோரே, "பத்து ஆய்வுகள் சொல்கின்றன" என்று யாராவது கூறினால், அவை பத்தும் வெவ்வேறானவையா என்று கேட்கத் தயங்காதீர்கள். அதேவேளை, எதைப் படித்தாலும், உங்கள் குடும்ப வைத்தியரைக் கேளாமல் மருந்தை நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம்.