வாம்பம் காசு அன்று



ஆங்கில நூல்கள் இரோகுவாய் என்று வழங்கும் ஹோடனோஷோனி மக்களைப் பற்றி நீ அனுப்பிய கட்டுரையில், வாம்பம் என்னும் சிப்பி மணிச்சரங்களைப் 'பழங்காலக் காசு' என்று ஒரே வரியில் தீர்த்துவிட்டு, காசைக் கையில் ஏந்திக்கொண்டு சபையில் பேசுவானேன் என்று என்னையே வினவுகிறாய். வினா நன்று, அந்த வரிதான் எனக்குச் சினமூட்டியது. நாணயம் கிடைக்காமல் திண்டாடிய ஐரோப்பியக் குடியேறிகளே அம்மணிகளைக் காசாக்கிக்கொண்டனர். 1661-ல் மாசசூசெட்ஸ் அதைச் செல்லாக்காசாக்கிய பிறகும் ஹோடனோஷோனி சபைகளில் அதன் கௌரவம் அணுவளவும் குறையவில்லை.

அவர்களுடைய துக்க சம்பிரதாயம் ஒன்றே இதற்குப் போதிய சாட்சி. தலைவர் ஒருவர் மறைந்தால், இழப்பு நேராத பக்கத்தார் முன்னோர் பெயர்களைப் பாடிக்கொண்டு துக்கமுற்றோர் ஊரை நோக்கி நடந்து வருவர். வந்தவர்கள் நேரே உள்ளே புகுவதில்லை. ஊரார் காட்டின் விளிம்பில் மூட்டிய தீயருகே அவர்களை நிறுத்தி, வழிநெடுக அழுத கண்ணைத் துடைக்கிறோம், புழுதியடைந்த செவியைத் திறக்கிறோம், துயரம் அடைத்த தொண்டையைச் சீராக்குகிறோம் என்று மூன்று வாசகங்கள் சொல்லி, வாசகத்துக்கொரு சரமாக அளித்த பின்னரே சபை கூடும் நீண்ட இல்லத்துக்கு அழைத்துச் செல்வர். பார்க்கவும் கேட்கவும் பேசவும் இயலாத நிலையில் இருப்பவனோடு சபை கூடி என்ன பிரயோஜனம்? சரமின்றிச் சொன்ன சொல்லைப் பொறுப்புடன் சொன்ன சொல்லாக அவர்கள் கருதியதில்லை. பெற்றுக்கொள்ள மறுத்தாலோ, சொல்லையே மறுத்ததாகப் பொருள். நம் மேடைகளில் யாருக்கும் எதற்கும் போர்த்தும் பொன்னாடையைப் போன்ற உபசாரமென்று இதை எண்ணிவிடாதே. சரம் வாக்குக்குப் பிணை என்பது என் திடமான அபிப்பிராயம், மறுப்போர் மறுக்கட்டும்.

அயர்லாந்தில் பிறந்து பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியாக வந்த வில்லியம் ஜான்சன் இதை நன்கு உணர்ந்திருந்தார். தாம் கூட்டிய சபைகளையும் இதே ஆறுதல் வாசகங்களாலும் சரங்களாலும் துவக்கினார். 1794-ல் ஹோடனோஷோனியருடன் செய்த கனண்டைகுவா உடன்படிக்கையை ஒட்டி அமெரிக்கர் அளித்த, வாம்பம் மணிகளால் பின்னிய கச்சையில் 13 மாநிலங்களும் கைகோத்த மனித உருவங்களாய் நிற்கின்றன. இத்தகைய கச்சைகளை அருங்காட்சியகங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டது வேறொரு நீண்ட வியவகாரம். நியூயார்க் மாநில அருங்காட்சியகம் தன்னிடமிருந்த 12 கச்சைகளை 1989-ல்தான் ஹோடனோஷோனியரில் ஒரு பிரிவினரான ஒனொண்டாகா மக்களிடம் திருப்பித் தந்தது.

ஹொரேஷியோ ஹேல் 1883-ல் வெளியிட்ட இரோகுவாய்ச் சடங்கு நூல் கிடைத்தால் வாங்கு. நான் முதலில் அதன் முன்னுரையிலேயே பல நாள் சிக்கிக்கிடந்தேன். நீ காட்டு விளிம்பு வாசகங்களிலிருந்தே தொடங்கு. அதற்குப் பிறகு அந்த வரியைத் திருத்தி எனக்கு எழுது.