மகாவலியில் இறங்குமுன்

பேராதனையில் வெயில் எறித்தாலும், மேலே கொத்மலை அணையில் வான்கதவு திறந்தால் மகாவலி ஆற்றின் மட்டம் சட்டென உயரும். முழங்காலளவு நீரில் நின்றவர் இடுப்பளவில் தள்ளாடுவார். ஆகவே மலையில் மழையென்றால் ஆற்றுக் குளிப்பு வேண்டாம். ‘நீந்தத் தெரிந்தவர்களும் மூழ்குகிறார்களே’ என்பார்கள். உண்மைதான், தடாகத்தில் பழகிய நீச்சல் ஆற்றுச் சுழிக்கு உத்தரவாதமல்ல. அதற்காக நீச்சலே வீண் என்றாகிவிடாது. பங்களாதேஷில் 4 வயது முதல் நீச்சல் பழகிய பிள்ளைகளிடையே மூழ்கி இறப்பது வெகுவாகக் குறைந்தது. முதலில் மல்லாந்து மிதக்கப் பழக்குங்கள்.

மூழ்குபவரைப் பிடிக்கப் பாய்வது (கொஞ்சம் நீந்தத் தெரிந்தவர்தான் இதில் ஏமாறுவார்) இன்னோர் உயிரையும் பறிக்கலாம். கரையில் படுத்துக்கொண்டு சாரத்தையோ, மூடிய வெறும் போத்தல் கட்டிய கயிற்றையோ வீசுங்கள். மூச்சில்லையேல் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைத்து, வயிற்றை அமுக்காமல், வாயோடு வாய் ஊதி நெஞ்சை அழுத்துங்கள்.