தீவிர சிகிச்சைப் பிரிவின் சொற்கள்
(புதிதாய்ப் பணி ஏற்கும் செவிலியருக்கு)



படிப்பை முடித்துத் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணி ஏற்கவிருக்கும் நம் செவிலிய மாணவியர் சிலர், "அங்கே பேசும் பேச்சே புரியாதாமே!" என்று அஞ்சுகின்றனர். அச்சம் நியாயமானதே. ஆனால் அச்சொற்களை அகராதி வரிசையில் நெட்டுருப் போடுவதால் பயன் சிறிது. ஒரு சொல் உடலில் எதைக் குறிக்கிறது, எந்த எண்ணோடு வருகிறது என்று கற்பதே நல்வழி.

இப்பிரிவின் வரலாறு மாணவருக்குப் பெருமை தருவது. 1952-ல் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்தோரின் தொண்டையில் துளையிட்டு, ரப்பர்ப் பையைக் கையால் அழுத்திக் காற்றுச் செலுத்தும் முறையைக் கையாண்டார் பியோர்ன் இப்சன் என்னும் மயக்க மருத்துவர். இரவு பகலாக முறைவைத்துப் பையை அழுத்தியவர்கள் மருத்துவ மாணவர்களே! மறு ஆண்டு அந்நகரிலேயே அவர் தீவிர சிகிச்சைப் பிரிவு ஒன்றை அமைத்தார்.

முதலாவது, மூச்சு. அந்தப் பையின் வேலையை இன்று வென்டிலேட்டர் செய்கிறது. ஒரு மூச்சில் செல்லும் காற்றின் அளவு 'டைடல் வால்யூம்'. மூச்சு வெளியேறிய பின்னும் நுரையீரலின் சிற்றறைகள் சுருங்கி மூடாதபடி தாங்கும் அழுத்தம் 'பீப்'. செலுத்தும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு 'எஃப்.ஐ.ஓ.2', நாம் சுவாசிக்கும் காற்றில் அது 0.21.

இரண்டாவது, இரத்த ஓட்டம். 'மேப்' என்பது சராசரித் தமனி அழுத்தம். மேல், கீழ் அழுத்தங்களின் வேறுபாட்டில் மூன்றில் ஒரு பங்கைக் கீழ் அழுத்தத்தோடு கூட்டுக. 90/60 எனில் 70. செப்டிக் ஷாக் நோயாளிக்கு 65 என்பது வழக்கமான முதல் இலக்கு. இரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை உயர்த்தும் மருந்து 'வாசோபிரசர்', நாரட்ரினலின் அவ்வகையது.

மூன்றாவது, நினைவு. 1974-ல் வெளிவந்து, பின்னர்த் திருத்தப்பெற்ற கிளாஸ்கோ கோமா அளவில் கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, ஆக 15. மிகக் குறைந்த எண் 0 அன்று, 3. மூச்சுக்குழாய் பொருத்தியவர் பேச இயலாராகையால், பேச்சுக்கு 'டி' என்று குறிப்பர்.

இனி, முன்னொட்டுகள். 'டாக்கி' விரைவு; 'பிராடி' மந்தம். 'ஹைப்பர்' மிகை, 'ஹைப்போ' குறை. இந்த இரண்டாம் இணையில்தான் நான் இடறினேன். பணியேற்ற முதல் வாரம், ஓர் இரவு, ஆய்வகத்திலிருந்து தொலைபேசி வந்தது. 'ஹைப்போகலேமியா' என்றது என் காதில் 'ஹைப்பர்கலேமியா' என்று விழுந்தது, அப்படியே எழுதிவிட்டேன். பொறுப்பிலிருந்த சிஸ்டர், "எண் எவ்வளவு?" என்றார். நான் கேட்டிருக்கவில்லை! மீண்டும் விசாரித்தபோது 2.8 என்றார்கள். இரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு ஏறக்குறைய 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருத்தல் வேண்டும். குறைந்தவருக்கு அதனை ஏற்றுவர். மிகுந்தவருக்கு ஏற்றினால் இதயமே நின்றுவிடக்கூடும். அன்று முதல், எண்ணைக் கேளாமல், கேட்டதைத் திருப்பிச் சொல்லாமல், நான் தொலைபேசியை வைப்பதில்லை.

ஆகவே, ஒரு சிறு குறிப்பேடு வையுங்கள். சொல், பொருள், இயல்பான எண், எண் மாறினால் யாரிடம் சொல்வது என நான்கு கட்டங்கள் போதும். நாளுக்கு ஐந்து சொற்கள் எழுதினால் ஒரு திங்களில் நூற்றைம்பது ஆகிவிடும்.

இறுதியாக ஒன்று. இச்சொற்கள் நமக்குள் பேசுவதற்கே. கதவருகே காத்திருக்கும் தாயிடம் 'வென்டிலேட்டர்' என்று மட்டும் சொன்னால் அவர் கலங்கிப்போவார். "மூச்சுவிட இயந்திரம் துணை செய்கிறது, அம்மா" என்று அவருக்குத் தெரிந்த மொழியில், தமிழோ இந்தியோ, சொல்லுங்கள். அப்படிச் சொல்ல வரும்போதுதான் அச்சொல்லை நாம் கற்றோம் என்பது உறுதியாகும்.