வருமானம் மூணு, வேர் ஒண்ணா?

"ஒரே தொழிலை நம்பி இருக்காதீங்க" என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். சரிதான். ஆனால் எத்தனை தொழில் என்பதைவிட, அவை எதை நம்பி நிற்கின்றன என்பதுதான் முக்கியம்.

கஜா புயலை நினைத்துப் பாருங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. டெல்டா பக்கம் தென்னை மரங்கள் லட்சக்கணக்கில் சாய்ந்தன. தோப்புக்காரருக்குத் தேங்காய் போச்சு. தோப்பே இல்லாத வீடுகளுக்கு? காய் பறிக்கிற கூலி, மட்டை உரிக்கிற கூலி, கயிறு திரிக்கிற வேலை எல்லாம் சேர்ந்தே அடிபட்டன. பெயருக்கு மூன்று வருமானம். மூன்றுக்கும் வேர் ஒரே மரம். நெட்டை ரகக் கன்று நட்டால் காய்க்க ஐந்தாறு வருஷம் ஆகும். அதுவரை அடுப்பு எரிய வேண்டுமே!

உங்கள் வீட்டுக் கணக்கை இன்றே பாருங்கள். வீட்டுக்கு வரும் ஒவ்வொரு வருமானத்தையும் ஒரு தாளில் எழுதி, மூன்று கேள்வி கேளுங்கள்.

1. இது எதனால் நிற்கும்? மழை பொய்த்தால் நெல் போகும், நடவுக் கூலி போகும், வைக்கோல் விலையும் ஏறும். நெல், கூலி, மாடு மூன்றுக்கும் ஒரே ஆபத்து. தையல், பலசரக்குக் கடை, வெளியூர் வேலைக்குப் போன மகன் அனுப்பும் பணம் ஆகியவற்றுக்கு ஆபத்து வேறு.

2. பணம் எந்த மாதம் கைக்கு வரும்? அறுவடைப் பணம் வராத மாதத்தில் வருவதுதான் நல்ல துணை வருமானம்.

3. யார் உழைப்பு? எல்லாம் வீட்டுப் பெண்கள் தலையிலேயே விழுந்தால் அது நீடிக்காது.

இன்னொன்று: விளைச்சல் பணத்தில் அடைக்கலாம் என்று புதுத் தொழிலுக்குக் கடன் வாங்காதீர்கள். விளைச்சல் போனால் இரண்டும் சேர்ந்து விழும்.

உங்கள் கைபேசியும் உதவும். மானியத் திட்டங்கள், சந்தை விலை, வானிலை விவரங்களை உழவன் செயலியில் பார்க்கலாம். கிசான் கிரெடிட் கார்டு கடன், பயிருக்கு மட்டுமில்லை. ஆடு, மாடு, கோழி, மீன் வளர்ப்புக்கும் உண்டு. வங்கியில் கேளுங்கள். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இலவசம். அரசு இணையதளத்தில் நீங்களே செய்யலாம். பதிவுக் கட்டணம் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

தாளில் எல்லா வருமானத்துக்கும் ஒரே ஆபத்து வந்திருக்கிறதா? அந்த ஆபத்து தொடாத ஒரு சின்ன வருமானம்தான் உங்கள் வீட்டின் அடுத்த தேவை.