நாற்காலிச் சவாரிக்குச் சம்மதிக்காதீர்கள்

பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் படம் வரைகிறவன் நான். இரண்டு ஊன்றுகோல். வடிவமைப்புப் படிக்கிற பிள்ளைகளோடு அடையாளம், பன்மைத்தன்மை, இடம் பற்றிப் பட்டறை என்று கூப்பிட்டார்கள். என்னைப் போன்ற கலைஞர்களே, உங்களையும் கூப்பிடுவார்கள், போங்கள். சம்பளம், வளவாளர் என்று போட்ட கடிதம், பஸ் செலவு, கழிப்பறைப் படி எல்லாவற்றையும் போனிலேயே பேசி முடித்துவிடுங்கள். பொன்னாடையும் சாப்பாட்டுப் பார்சலும் கூலியாகாது.

முக்கியமானது வேறு. அன்று எங்கள் லயத்துக்கு ஏற்பாட்டாளர் ஒரு சக்கர நாற்காலியோடு வந்து, 'அனுபவித்துப் பாருங்கள்' என்று பிள்ளைகளை ஆளுக்குப் பத்து நிமிஷம் உட்காரவைத்தார். லயத்து வாசலில் சிரிப்பும் கூத்தும். தண்ணீர்க் கான் விளிம்பில் சக்கரம் சிக்கியதும் முகங்கள் வாடின. இறங்கி வந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் 'பாவம்' தவிர ஒன்றுமில்லை. பாதி நாள் அதிலேயே போச்சு. பத்து நிமிஷத்தில் தெரிவது தடுமாற்றம் மட்டும்தான். நான் பழகிவைத்திருக்கும் வித்தை அதில் எங்கே? நாற்காலியை மடிக்கச் சொல்லிச் சத்தம் போட்டேன். திமிர் பிடித்தவன் என்று இன்னும் சொல்லித் திரிகிறாராம். சொல்லட்டும். பிரிட்டனில் கலைஞர் ஸோயி பார்ட்டிங்டனும் ஜோஸ் பாய்ஸும் 2008இல் தொடங்கிய முயற்சியில் மாற்றுத்திறனாளிக் கலைஞர்கள்தான் கட்டடக்கலை மாணவர்களுக்கு வாத்தியார்கள். காட்சிப் பொருள்கள் அல்ல.

பிறகு என் பாடம். 10க்கு 12 அடி லயக் காம்பராவிலிருந்து தண்ணீர்ப் பீலிவரை நான் நடக்கிறேன், என் கை படுகிற இடங்களை மட்டும் வரையுங்கள் என்றேன். கதவு நிலையில் எண்ணெய் ஏறிக் கறுத்த திட்டு, இஸ்தோப்புத் தூணின் வழவழத்த ஒரு பக்கம், படியோரம் கைப்பிடியாக அப்பா நட்ட பழைய தண்ணீர்க் குழாய். அந்தக் குழாய் இரண்டு உயரத்தில் மினுங்குவதை ஒரு பிள்ளைதான் கண்டுபிடித்தது. மேலே என் கை. கீழே லயத்துப் பொடிசுகளின் கை. கொழுந்துக் கூடையோடு இறங்கும் அக்காமாரும் அதைத்தான் பிடிக்கிறார்கள் என்று பிறகு அதுவே எழுதியது. 7 பேர்ச் காணியில் 550 சதுர அடித் தோட்ட வீடுகளுக்கு நாளை படம் போடப் போவது இந்தப் பிள்ளைகள்தானே.

சட்டம் பேசினால் முகம் சுளிப்பார்கள். பேசுங்கள். இலங்கையில் பொதுக் கட்டடங்களுக்கு 2006இலேயே அணுகுவசதி ஒழுங்குவிதிகள் வந்துவிட்டன. சக்கர நாற்காலி பயன்படுத்திய கலாநிதி அஜித் பெரேரா தொடுத்த வழக்கில் 2011இல் உயர் நீதிமன்றமும் அவற்றைப் பின்பற்றச் சொல்லி உத்தரவிட்டது.

கடைசியில் சான்றிதழ் நீட்டுவார்கள். பிள்ளைகள் வரைந்ததன் பிரதியை அங்கேயே கேட்டு வாங்குங்கள். தபாலில் அனுப்புவதாக எனக்குச் சொன்னது இன்னும் வரவில்லை.