தங்கச்சிமடத்துத் தம்பிக்கு: ஜிபிஎஸ் வாங்குமுன்



பைபர் படகையும் மீன் ஏற்றும் குட்டியானை வண்டியையும் நீயே ஓட்டப் போகிறாய். இரண்டிலும் மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளும்படி ஒரே ஜிபிஎஸ் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய்.

வாங்கலாம். ஆனால் கடைக்குள் நுழையும்போது மனத்தில் கடல் இருக்க வேண்டும், சாலை இருக்கக் கூடாது. சாலையில் பழகிய கண் பெரிய திரையைத் தேடும், தொட்டால் ஓடும் படத்தைத் தேடும், பேசும் குரலைத் தேடும். இவற்றில் எதுவும் தென்கடலில் உன்னைக் கரை சேர்க்காது. கடலுக்கென்று வாங்கிய கருவி வண்டியில் கொஞ்சம் சிரமம் கொடுத்தாலும் சமாளித்துவிடலாம். வண்டிக்கென்று வாங்கியது படகில் கைவிட்டால் உன்னால் ஒன்றும் செய்ய முடியாது.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், சாலைக் கருவியின் தவறு உன் கண்ணுக்கே தெரியாது. செயற்கைக்கோள் கணக்கு பத்து மீட்டர் தள்ளி விழுந்தாலும், வண்டி சாலையில்தான் போகும் என்று வைத்துக்கொண்டு, புள்ளியை இழுத்துச் சாலையின் மேல் உட்கார வைத்துவிடும். ராமநாதபுரம் போகும் வழியில் ஒரு திருப்பத்தை விட்டுவிட்டாலும் அடுத்த திருப்பத்தைச் சொல்லும். கடலில் இழுத்து உட்கார வைக்கச் சாலை கிடையாது. கருவியில் குறித்து வைத்த ஓர் இடத்தை, அதாவது ஒரு பாயிண்டை, நீ தேர்ந்தெடுத்து ‘கோ டு’ அழுத்தினால், நின்ற இடத்திலிருந்து அதுவரை நேராக ஒரு கோடு போடும், அவ்வளவுதான். வழியில் கடலடிப் பாறைத் திட்டான பார் இருக்கிறதா, மணல் திட்டு இருக்கிறதா என்று பார்த்துப் போட்ட கோடு அல்ல அது. வடகடலில் நின்றுகொண்டு தென்கடல் பாயிண்டுக்கு ‘கோ டு’ கொடுத்துப் பார். கோடு நம் தீவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். பாம்பன் கால்வாய் வழியாக வர வேண்டும் என்பதை நீதான் பாயிண்ட் பாயிண்டாக வைத்து ‘ரூட்’ ஆக்கிக் கொடுக்க வேண்டும். அதனால் ரூட் போடுவது சுலபமாக இருக்கிற கருவியாகப் பார். நீ கோட்டை விட்டு எவ்வளவு விலகியிருக்கிறாய் என்று ஓடும்போதே காட்டும் பக்கம் அதில் இருக்க வேண்டும். நீரோட்டம் உன்னைத் தள்ளுவது அந்த எண்ணில்தான் முதலில் தெரியும்.

இன்னொன்று, திசை. படகு ஓடினால்தான் ஜிபிஎஸ்ஸுக்குத் திசை தெரியும். நகர்வை வைத்துத்தான் அது திசை சொல்கிறது. வலை போட்டு நிற்கும்போதோ என்ஜின் நின்றுபோனாலோ அம்புக்குறி கண்டபடி சுற்றும். வண்டியில் இது ஒரு பொருட்டே அல்ல, முன்னால் சாலை தெரிகிறது. இருட்டில், மேகமூட்டத்தில், நிற்கிற படகில் இதுதான் பெரிய விஷயம். கருவிக்குள்ளேயே மின்னணுத் திசைகாட்டி உள்ள மாடலாக வாங்கு. பேட்டரி மாற்றும்போதெல்லாம் என்ஜினையும் நங்கூரத்தையும் விட்டுத் தள்ளி நின்று அதைச் சரிசெய்துகொள்.

இப்போது சொல்லப்போவதைத்தான் நீ கவனமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் வண்டி ஒன்றும் படகு ஒன்றுமாக ஓட்டுகிறவனுக்குத்தான் இந்த ஆபத்து. போனில் ஓர் இடத்தை அழுத்தினால் 9.2083 என்பதுபோல டிகிரியிலேயே தசமம் வைத்துக் காட்டும். படகுக்காரர்கள் பாயிண்ட் சொல்வது டிகிரி, நிமிடம், நிமிடத்தின் தசமம் என்ற கணக்கில். அந்த 9.2083 படகுக் கணக்கில் 9 டிகிரி 12.498 நிமிடம். அவசரத்தில் அதை 9 டிகிரி 20.83 நிமிடம் என்று அடித்துவிட்டால் 8 கடல்மைலுக்கு மேல், அதாவது 15 கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே தள்ளிவிடும். தென்கடலில் கிடக்க வேண்டிய பாயிண்ட் வடகடலில் போய் நிற்கும். விநாடிக் கணக்கில் சொல்கிறவர்களும் உண்டு. 15 நிமிடம் 50 விநாடியை 15.50 நிமிடம் என்று அடித்தால் 600 மீட்டர் தப்பும். பார் மீன் பிடிக்கிறவனுக்கு 600 மீட்டர் என்றால் வெறும் மணல்தான். போனையும் கருவியையும் ஒரே கணக்குக்கு மாற்றி வை. யாராவது பாயிண்ட் சொன்னால், எந்தக் கணக்கு என்று கேட்காமல் அடிக்காதே. பழைய கருவி வாங்குவதானால் அமைப்பில் டபிள்யூஜிஎஸ் 84 என்று இருக்கிறதா என்றும் பார். வேறு ஏதாவது வைத்திருந்தால் எல்லாப் பாயிண்டும் சில நூறு மீட்டர் தள்ளிப்போகலாம்.

நம் கடலில் எல்லைக் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. இலங்கையுடனான 1974 ஒப்பந்தக் கோடு கச்சத்தீவுக்கு மேற்கே ஒரு கடல்மைலில் போகிறது. மன்னார் வளைகுடாக் கோடு 1976 ஒப்பந்தத்தில் வந்தது. தண்ணீரில் எந்த அடையாளமும் கிடையாது. கோட்டின் பாயிண்டுகளைக் கருவியில் ஏற்றி, நெருங்கினால் அலாரம் அடிக்கும்படி வை. கோட்டின் மேலேயே அலாரம் வைக்காதே. என்ஜின் நின்ற படகை நீரோட்டம் இழுக்கிற வேகத்தை நினைத்து, நன்றாக உள்ளே தள்ளி வை. அவுட்போர்டு என்ஜின் சத்தத்தில் சின்னக் கருவியின் பீப் காதில் விழாது. அதனால் அலாரத்தை நம்பித் திரையைப் பார்க்காமல் இருந்துவிடாதே.

கருவியின் உடம்பைப் பற்றிச் சொல்கிறேன். பொத்தான் உள்ளதாக வாங்கு. ஈரக்கையும் உப்புத் துளியும் பட்டால் தொடுதிரை தானாக எங்கெங்கோ ஓடும். தவறி விழுந்தால் மிதக்க வேண்டும். ஐபிஎக்ஸ் 7 என்று போட்டிருந்தால், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். உப்பு அரிப்பைத் தாங்கும் என்று பொருள் இல்லை. வண்டியில் சார்ஜ் போட்டுவிட்டு யூஎஸ்பி மூடியைச் சரியாக மூடாமல் கடலுக்குப் போவது, இரண்டுக்கும் ஒன்று வைத்திருப்பவர்களுக்கு வருகிற கேடு. ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, மூடியைப் பார். உன் படகில் பேட்டரி கிடையாது என்பதால் சாதாரண டபுள் ஏ செல்லில் ஓடுவது நல்லது. வண்டியில் வயர் மாட்டி ஓட்டு, படகில் செல் போட்டு ஓட்டு, மாற்றுச் செல்லை எண்ணெய்த் தாள் சுற்றி வை.

கார்மினில் 276சிஎக்ஸ் என்று ஒன்று உண்டு. 5 அங்குலத் திரை, பொத்தான், சாலைக்கும் கடலுக்கும் என்றே செய்தது. நீ கேட்டதற்கு நேரான பதில் அதுதான், ஆனால் விலையை நினைத்தால் உனக்கு அதைச் சொல்ல எனக்கு மனமில்லை. 78 வரிசை போதும். திரை 2.6 அங்குலம், மிதக்கும், இரண்டு டபுள் ஏ செல். ‘எஸ்’ போட்ட மாடலில் திசைகாட்டியும் உண்டு. ஆள் தவறி விழுந்தால் ஃபைண்ட் பொத்தானை அழுத்திப் பிடி, அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு திரும்ப வழி காட்டும். அதை மட்டும் உன் கூட வருகிற பையனுக்கும் இப்போதே சொல்லிக்கொடு.

வண்டியில் அந்தச் சின்னத் திரை சிரமம்தான், அது பேசவும் பேசாது. ஓட்டிக்கொண்டே அதை எட்டிப் பார்க்காதே. சாலைக்கு உன் போனே போதும், மதுரை வரைக்குமான படத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள். டவர் இல்லாவிட்டாலும் போனின் ஜிபிஎஸ் வேலை செய்யும்; இறக்கி வைக்காத படம்தான் இருக்காது, முதல் இடத்தைப் பிடிக்கவும் நேரமாகும். படகில் அந்தப் போனை உறையில் போட்டு இரண்டாவது துணையாக வைத்துக்கொள். ஹைதராபாத் இன்காய்ஸ் நிறுவனம் 2019இல் கொண்டுவந்த ஜெமினி கருவியும் உண்டு. டவர் எட்டாத இடத்திலும் ககன் செயற்கைக்கோள் வழியாகப் புயல் எச்சரிக்கையையும் மீன் கிடைக்கும் பகுதியையும் வாங்கி உன் போனுக்குக் கொடுக்கும். உன் படகு அவ்வளவு தூரம் போகத் தொடங்கினால் அதை யோசிக்கலாம்.

வளைகுடா நாட்டிலிருக்கும் உன் மச்சான் வாங்கி அனுப்புகிறேன் என்றால் இரண்டு விஷயம் பார். அங்கே வாங்கியதில் அந்த ஊர்க் கடலின் வரைபடம்தான் ஏற்றியிருக்கலாம், நம் கடல் வெற்று நீலமாகக் கிடக்கும். இரண்டாவது, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் வசதி அதில் இருக்கவே கூடாது. கார்மின் 86 வரிசையில் ‘ஐ’ எழுத்து சேர்ந்த மாடல்கள் அப்படிப்பட்டவை. அனுமதி இல்லாமல் அவற்றை இந்தியாவில் வைத்திருந்தால் வழக்கு வரும். விமான நிலையத்திலேயே மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். எஸ் மாடலுக்கும் ஐ மாடலுக்கும் வெளியே பார்த்தால் சட்டென்று வித்தியாசம் தெரியாது, பெட்டியில் மாடல் பெயரை முழுதாகப் படிக்கச் சொல்.

பணம் கொடுக்கும் முன், கடை வாசலுக்கு வெளியே உச்சி வெயிலில் எடுத்துக்கொண்டு போய்த் திரை தெரிகிறதா பார். விரலை நனைத்துக்கொண்டு ஒரு பாயிண்டைக் கையால் அடித்துப் பார், அதை அழித்தும் பார். புதுக் கருவி முதல் முறை இடம் பிடிக்கப் பத்துப் பன்னிரண்டு நிமிடம்கூட ஆகலாம், பொறுமையாக நில். உன் அப்பா நோட்டில் எழுதி வைத்திருக்கும் பாயிண்டுகளைக் கையோடு கொண்டு போ. நான்கைந்தை அங்கேயே ஏற்றி, ஒவ்வொன்றும் திரையில் கடலில்தான் விழுகிறதா என்று பார்த்துவிட்டு வாங்கு. நோட்டைத் திரும்பக் கொண்டு வந்து பத்திரமாக வை, மிச்சத்தை இருவரும் உட்கார்ந்து ஏற்றுவோம்.

அன்புடன்,
அண்ணன்