ஸ்டிக்கர், ரீசேட் தொழில்: இயந்திரம் வாங்குவதற்கு முன்

வாழ்வாதார உதவி பெரும்பாலும் ஒருமுறைதான் கிடைக்கும். அதைக் கொண்டு ஸ்டிக்கர் வெட்டும் தொழிலையும் ரீசேட்டில் பெயர், இலக்கம் பதிக்கும் தொழிலையும் தொடங்கலாமா என்று இளையோர் உள்ள குடும்பங்கள் கேட்கின்றன. தொடங்கலாம். முச்சக்கரவண்டிக்குப் பெயர், கடைக் கண்ணாடிக்கு எழுத்து, பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிக்கு நிற ரீசேட், கழகங்களுக்கு ஜேர்சி என்று ஊரிலேயே வேலை உண்டு. ஆனால் கிடைத்த பணம் முழுவதையும் இயந்திரத்தில் போட்டுவிட்டு வினைல் வாங்கக் காசில்லாமல் நின்றால், அந்த இயந்திரம் மூலையில்தான் கிடக்கும்.

முதலில் மின்சாரத்தைப் பாருங்கள்

இத்தொழிலுக்கு இரண்டு இயந்திரங்கள் தேவை. எழுத்தை வெட்டும் கட்டருக்கு அதிக மின்சாரம் வேண்டியதில்லை. துணியில் சூடேற்றி அழுத்தும் ஹீட் பிரஸ் அப்படியல்ல. 38 சென்ரிமீற்றர் சதுரத் தட்டுள்ள சாதாரண பிரஸ் 1,400 முதல் 1,800 வாட் வரை இழுக்கும். 230 வோல்ற் இணைப்பில் 1,800 வாட் என்பது ஏறத்தாழ 8 அம்பியர். ஆகவே 5 அம்பியர் பிளக்கில் இதைச் செருகக் கூடாது. தனி வயர் இழுத்து 13 அம்பியர் பிளக் போட்டுக்கொள்ளுங்கள்.

தற்காலிக வீட்டில் இருப்போர், பக்கத்து வீட்டிலிருந்து இழுத்த வயரில் பிரஸ்ஸை ஒருபோதும் இயக்க வேண்டாம். இது முழுவதும் இரும்பு. எர்த் இல்லாமலும் ட்ரிப் சுவிட்ச் இல்லாமலும் தொட்டால் உயிராபத்து. நிரந்தர இணைப்பு கிடைக்கும்வரை ஸ்டிக்கர் வேலையை மட்டும் செய்வது நல்லது. சிறிய ஜெனரேற்றரை நம்பியும் பிரஸ் வாங்க வேண்டாம். 1 கே.வி.ஏ. ஜெனரேற்றர் இதைத் தாங்காது.

எந்தக் கட்டர்?

மேசையில் வைக்கும் சிறிய கட்டர்கள் சுமார் 30 சென்ரிமீற்றர் அகலம் வரை வெட்டும். ஸ்டிக்கர் வினைல் பொதுவாக 61 சென்ரிமீற்றர் அகல ரோலாக வருவதால், சிறிய கட்டர் வைத்திருப்பவர் அதை நறுக்கித்தான் பயன்படுத்த வேண்டும். ரீசேட்டும் முச்சக்கரவண்டியும்தான் உங்கள் வேலை என்றால் அது போதும். கடைக் கண்ணாடி, வாகனங்களின் பக்க எழுத்து என்று போவதானால் 61 சென்ரிமீற்றர் ரோலை ஏற்கும் கட்டர் வேண்டும். அதைவிட அகலமானது ஆரம்பத்தில் தேவையில்லை, விற்பவர் என்ன சொன்னாலும்.

சில சிறிய கட்டர்களின் மென்பொருள் இணையம் இல்லாமல் சரியாக வேலை செய்யாது. சிக்னல் குறைந்த இடத்தில் குடியேறியவர்கள் இதைக் கேட்டறிந்தே வாங்க வேண்டும்.

இன்னொரு சோதனையும் செய்யுங்கள். "புதுக்குடியிருப்பு" என்ற பெயரைத் தமிழில், ஒரு சென்ரிமீற்றர் உயரத்தில், உங்கள் கண்முன்னே வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதில் இரண்டு குற்றுகள் இருக்கின்றன. கத்தி சரியில்லாவிட்டால், அல்லது எழுத்து மிகச் சிறிதானால், தேவையற்ற வினைலை உரித்தெடுக்கும்போது முதலில் அதனுடன் சேர்ந்து போவது அந்தக் குற்றுதான். "க்" என்பது "க" ஆகிவிடும். ஆங்கில எழுத்தை வெட்டிக் காட்டினால் இந்தக் குறை தெரியவே தெரியாது. மெல்லிய எழுத்துருவைத் தவிர்த்துத் தடித்ததைத் தெரிவுசெய்யுங்கள். பாமினி எழுத்துருவில் அமைத்த வேலையை இன்னொரு கணினிக்குக் கொண்டுபோகுமுன் எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றிவிடுங்கள். இல்லையேல் அங்கே ஆங்கில எழுத்துகளாகத் தெரியும்.

இரண்டு வினைலும் ஒன்றல்ல

ஸ்டிக்கர் வினைலின் பின்புறம் பசை இருக்கும். எழுதியபடியே வெட்டி, ட்ரான்ஸ்பர் டேப்பால் தூக்கி ஒட்டுவார்கள். கத்தி வினைலை மட்டும் அறுக்க வேண்டும், கீழ்த்தாளை அறுக்கக் கூடாது. ரீசேட் வினைலின் பசை சூட்டில்தான் உருகும். அதைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடம்வலம் திருப்பி வெட்ட வேண்டும். புதிதாகத் தொடங்குவோர் பலர் இதை மறந்து ஒரு மீற்றரையாவது வீணாக்குவதுண்டு. ரோல்களைத் தகரக் கூரையின் கீழ் வெயில் படும் இடத்தில் வைக்காதீர்கள். செம்மண் தூசு பசையில் பட்டாலும் ஒட்டாது.

பருத்தி ரீசேட்டில் பதிப்பது சுலபம். முதலில் வெறும் துணியைச் சில செக்கன்கள் அழுத்தி ஈரத்தைப் போக்கி, பிறகு வினைலை வைத்து சுமார் 150 முதல் 160 பாகை செல்சியஸில் 10 முதல் 15 செக்கன் அழுத்துங்கள். வினைலுக்கு வினைல் இது மாறுபடும். சூடாக உரிப்பதா ஆறிய பின் உரிப்பதா என்பதையும் வாங்கும்போதே கேளுங்கள். கழக ஜேர்சிகள் பெரும்பாலும் பொலியெஸ்ரர். சிவப்புப் பொலியெஸ்ரரில் சாதாரண வெள்ளை வினைலைப் பதித்தால் துணியின் சாயம் ஏறி இலக்கம் சில நாட்களில் இளஞ்சிவப்பாகிவிடும். அதற்கெனச் சாயம் தடுக்கும், குறைந்த சூட்டில் ஒட்டும் வினைல் உண்டு. விலை கூட. ஓடர் எடுக்கும்போதே அந்த விலையைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

வீட்டு அயன்பொக்ஸில் பிள்ளையின் ரீசேட்டைப் பதித்துப் பார்க்கலாம். பணம் வாங்கிச் செய்யும் வேலைக்கு அது வேண்டாம். அழுத்தம் ஒரே சீராக வராது, துவைத்ததும் ஓரம் கிளம்பும்.

கணக்கு

ரீசேட் வினைல் பொதுவாக 50 சென்ரிமீற்றர் அகலம். ஒரு மீற்றரில் 25 சென்ரிமீற்றர் சதுரமான முதுகு இலக்கங்கள் கணக்குப்படி 8 வரும். ஓரமும் பிழையும் போக 6 என்றே வைத்து விலை சொல்லுங்கள். ரீசேட்டை வாடிக்கையாளரே கொண்டுவந்தால், ஒன்று கெட்டுப்போனால் யார் பொறுப்பு என்பதை முதலே பேசிக்கொள்ளுங்கள். கழக ஓடருக்குப் பாதிப் பணத்தை முற்பணமாக வாங்காமல் வினைலில் கத்தி வைக்காதீர்கள்.

உதவித்தொகையில் மூன்றில் ஒரு பங்கையாவது வினைல், மாற்றுக் கத்திகள், ட்ரான்ஸ்பர் டேப், வயரிங் ஆகியவற்றுக்கு ஒதுக்குங்கள். மிஞ்சியதில் இரண்டு இயந்திரமும் வாங்க முடியாவிட்டால் கட்டரை மட்டும் வாங்குங்கள். ரீசேட்டுக்கு நீங்களே வெட்டி, பிரஸ் உள்ள நகரக் கடையில் கூலி கொடுத்து அழுத்தலாம். விலைமனு எடுக்கும்போது இயந்திரத்தின் விலையோடு உத்தரவாதக் காலம், பழுது பார்ப்பது எந்த ஊரில், கத்தி எங்கே கிடைக்கும் என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.